சிரிப்புக்குச் சொன்ன பொய்தானே!

சில மாதங்களுக்கு முன் ஒரு வலீமா வீட்டிற்குச் சென்றிருந்தோம். விருந்து முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பின், உள்கூடத்துத் தொலைக்காட்சியில் 'காதலிக்க நேரமில்லை' ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். வீட்டுப் பெரியவர் சினந்து, "பெற்றோரையும் முதலாளியையும் கேலி செய்து குடும்பங்களைக் கவிழ்ப்பதற்கென்றே எடுத்த படம் இது" என்றார். கல்லூரியில் படிக்கும் தம்பி மகன், "பெரியத்தா, இது வெறும் தமாஷ். இதில் அரசியலும் இல்லை, ஒன்றும் இல்லை" என்றான். இருவரும் நம் பக்கம் திரும்பி, "ஹஜ்ரத், நீங்களே சொல்லுங்கள்" என்றனர்.

சினிமா பார்ப்பது ஆகுமா என்ற மஸ்அலாவை நாம் இங்கு எழுத வரவில்லை. ஆடலும் பாடலும் பற்றி மார்க்கம் கூறுவதை வாசகர்கள் அறிவார்கள். நம்முன் வைக்கப்பட்ட கேள்வி வேறு. சிரிக்க வைப்பதற்காகச் சொல்லப்பட்ட ஒரு கதைக்குள் சமூகக் கருத்தைத் தேடுவது நியாயமா? தேடினால் எந்த அளவுகோலால் அளப்பது?

1952-ல் வந்த 'பராசக்தி' போன்ற படங்களில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் வசனங்கள் தம் அரசியலை வெளிப்படையாகவே பேசின. 1964-ல் ஸ்ரீதர் எடுத்த இந்தப் படமோ எதையும் போதிப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆகவே, குடும்பங்களைக் கெடுக்கவே எடுத்தார்கள் என்று பெரியவர் கூறியதை நாம் ஏற்கவில்லை. எடுத்தவரின் நிய்யத்தை அல்லாஹ்வே அறிவான். வெளிப்படையானதைக் கொண்டு தீர்ப்புச் சொல்வதே நமக்குள்ள அனுமதி. பிறர் உள்ளத்தைப் பற்றித் தவறாக எண்ணுவதைத் திருமறை தடுத்திருக்கிறது. சினிமாக்காரர் என்பதற்காக அந்தத் தடை நீங்கிவிடாது.

ஆனால் தம்பி மகன் கூறியதும் முழு உண்மையன்று. கதையைப் பாருங்கள். தோட்ட முதலாளி ஒருவர் ஓர் இளைஞனை வேலையிலிருந்து நீக்குகிறார். அவன் முதலாளி வீட்டின் எதிரிலேயே போராட்டம் நடத்துகிறான். அப்போது அவன் தொல்லை, விரட்டப்பட வேண்டியவன். அதே இளைஞன் பெரும் பணக்காரரின் மகன் என்று கேள்விப்பட்டதும் முதலாளியின் முகம் மலர்கிறது; மகளைக் கொடுக்கவும் மனம் இணங்குகிறது. ஆள் மாறவில்லை, குணம் மாறவில்லை. மாறியது பணத்தைப் பற்றிய பேச்சு ஒன்றுதான். இதைக் கண்டு சிரித்தோமே, அது யாரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு? வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் சம்பந்தம் பேசும்போது பணத்தையே முதலில் நிறுத்தும் நம்மைப் பார்த்தல்லவா! இந்த அளவில் அந்தக் கேலி உண்மையைத்தான் சொல்கிறது.

அடுத்த படிதான் நம்மைக் கலங்க வைக்கிறது. பணத்தாசைக்குக் கதை காட்டும் மருந்து பொய். நண்பனுக்கு முதியவர் வேடம் போட்டு, 'இவர்தான் என் தந்தை' என்று கொண்டுவந்து நிறுத்துகிறான் அந்த இளைஞன். முடிவில் குட்டு வெளிப்பட்ட பின்னும் கல்யாணம் நிற்பதில்லை. ஏமாந்தவர் பேராசைக்காரர் என்பதால், ஏமாற்றியவனை நாம் மன்னித்துவிடுகிறோம்.

இது படத்தோடு போனால் கவலையில்லை. அதே வாரம் ஒரு தகப்பனார் நம்மிடம் வந்து அழுதார். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் சொந்தக் கடை இருப்பதாகச் சொல்லி நிக்காஹ் நடந்திருக்கிறது. பிறகுதான் தெரிந்தது, அவர் அந்தக் கடையில் சம்பளத்துக்கு நிற்பவர் என்று. நியாயம் கேட்டபோது, "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொல்லியிருக்கிறார்களே!" என்று சிரித்தார்களாம். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. சம்பளத்துக்கு உழைப்பது இழிவன்று. அதை மறைத்ததுதான் இழிவு.

தானியக் குவியலின் உள்ளே ஈரத்தை மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். தானியத்தில் ஆகாத மறைப்பு மணவாழ்வில் ஆகுமா? ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, ஒருவர் பொருளில்லாதவர் என்பதை அண்ணலார் ஒளிக்காமல் கூறினார்கள். பின்னர் அவர்கள் மணந்துகொள்ளுமாறு சொன்னது, விடுதலை பெற்ற அடிமையின் மகனான உஸாமா (ரலி) அவர்களை! பொருள் நிலையைப் பற்றி உண்மையைப் பேசு. ஆனால் பொருளையே தகுதியாக்காதே. இரண்டு பாடங்களும் அந்த ஒரே நிகழ்ச்சியில் இருக்கின்றன. படத்தில் முதலாளி தவறவிட்டது பின்னது. இளைஞன் தவறவிட்டது முன்னது.

அண்ணலாரும் நகைச்சுவையாகப் பேசியிருக்கிறார்கள்; அதிலும் உண்மையே பேசினார்கள். ஆகவே சிரிப்பு நமக்குப் பகையன்று. ஒரு கதை யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது, சிரித்து முடித்தபின் எதை இலேசாக்கிவிட்டுப் போகிறது என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதை உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேளுங்கள். அந்த வலீமா வீட்டில் நாம் இதைச் சொன்னபோது, பெரியவர் சற்றுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "என் மூத்தவனுக்குக் கைக்கூலி வாங்கினேன், ஹஜ்ரத்" என்றார்.

நமது சிரிப்பிலும் சம்பந்தப் பேச்சிலும் உண்மையைப் பேண வல்ல நாயன் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.