மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே



போன மாதம் மறைக்கல்வி வகுப்பில், ஆண்டவர் இயேசு புயலை அடக்கிய நிகழ்ச்சியைப் பிள்ளைகள் வரைந்தார்கள். ஆறு வயதுப் பையன் ஒருவன் கலிலேயப் படகுக்குப் பதிலாக நம் பட்டர்வொர்த்-ஜார்ஜ்டவுன் ஃபெரியை வரைந்திருந்தான். கீழ்த்தளத்தில் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். கடல் முழுக்கச் சிவப்பு. "கடல் நீலம் இல்லையா, தம்பி?" என்று கேட்டுவிட்டேன். அவன் பேசவில்லை. உள்ளங்கையால் படத்தை மூடிக்கொண்டான். மறுவாரம் அச்சடித்த படகுப் படத்துக்கு, கோடு தாண்டாமல், எல்லாரையும் போல நீலம் தீட்டிக் கொடுத்தான்.

படத்தை மூடிய அந்தக் கை என் மனதை விட்டுப் போகவில்லை.

நம் ஜார்ஜ்டவுனில் பிள்ளைகளை வரைந்தவரும் உண்டு, பிள்ளைகளையே கலை படைக்க வைத்தவரும் உண்டு. அர்மேனியன் தெருவில், சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளை ஓவியர் எர்னஸ்ட் ஸக்கரேவிச் 2012இல் பழைய சுவரில் வரைந்து, நிஜ சைக்கிளையே அதில் பொருத்தினார். இன்றும் அங்கே கூட்டம் நிற்கிறது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஜேனட் பிள்ளை அம்மையார் ஜார்ஜ்டவுன் பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்துப்போய், கைவினைஞர்களிடம் கேட்க வைத்து, கண்டதையும் கேட்டதையும் அவர்கள் கையாலேயே கலையாக்க வைத்தார். 'அனாக்-அனாக் கோத்தா', நகரத்துப் பிள்ளைகள், என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர்.

தொடக்க நூலை நினைத்துப் பாருங்கள். ஆண்டவர் விலங்குகளை ஆதாமிடம் கொண்டுவந்து, என்ன பெயர் வைப்பான் என்று பார்த்திருந்தார். எல்லாம் அறிந்தவர் தாமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆதாம் வைத்ததே பெயராயிற்று. படைத்தவரே அப்படிக் காத்திருந்தார் என்றால், வண்ணம் தீட்டும் போட்டியில் பரிசு வேண்டும் என்பதற்காகப் பிள்ளையின் கையைப் பிடித்து நாம் ஏன் தீட்டுகிறோம்?

"எனக்கு வரையவே வராது, ஃபாதர்" என்று உங்களில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள்! என்றோ ஒருவர் சொன்ன ஒரு சொல் உங்கள் கையையும் மூட வைத்திருக்கும். ஆண்டவர் உங்கள் தாளைப் பிடுங்கவில்லை, அன்பானவர்களே. பிள்ளையைத் திருத்திவிட்டு வருந்தும் பெற்றோரே, கலங்காதீர்கள். அவர் இரக்கம் நம் அவசரத்தைவிடப் பெரிது. இன்று மாலை வெள்ளைத்தாளும் கிரேயானும் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். "இது என்ன?" என்று விசாரிக்காமல், "இதைப் பற்றி எனக்குச் சொல்லேன்" என்று கேளுங்கள்.

நானும் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். பையிலிருந்து மடங்கிய தாளை எடுத்து விரித்தான். "இது சாயந்திரக் கடல், ஃபாதர்" என்றான். அப்போதுதான் பார்த்தேன். கீழ்த்தளத்தில், மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே, தலையணை வைத்து ஆண்டவர் தூங்கிக்கொண்டிருந்தார்.