காட்டில் ஆச்சிக்கு என்ன வேலை?

மூன்று தலைமுறையும் சேர்ந்து காட்டுக்குப் போவதென்று முடிவானால், வீட்டில் முதலில் எழுதப்படுவது யார் யாருக்கு என்னென்ன ஆகாது என்ற பட்டியல்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. கீழ்த்தளத்து அறையும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் இருந்தே ஆக வேண்டும். அத்தானுக்குச் சர்க்கரை, சாப்பாடு வேளை தவறக்கூடாது. அண்ணனின் சின்ன மகளுக்கு மலைப்பாதை ஆகாது, வாந்தி எடுப்பாள். அதனால் 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற வால்பாறை முதல் நாளே அடிபட்டது. காலேஜில் படிக்கிறவனுக்குச் செல்போன் சிக்னல். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில், கடைசியில் டாப்ஸ்லிப் மிஞ்சியது. சிக்னலுக்கு மட்டும் யாரும் உத்தரவாதம் தரவில்லை.

பட்டியலை நான் கேலி செய்யவில்லை. டாப்ஸ்லிப் பொள்ளாச்சியிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. சேத்துமடை சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டால் நம் நேரம் வனத்துறையின் கையில். சாயங்காலம் சாவடியை மூடிவிட்டால் அவ்வளவுதான். சொந்த வண்டியில் நினைத்த பக்கம் சுற்ற முடியாது, வனத்துறை வேனில்தான் போக வேண்டும். ராத்திரியில் நெஞ்சு வலி என்றால் பொள்ளாச்சிக்குத்தான் இறங்கியாக வேண்டும். ஆகவே மாத்திரைப் பையையும் ரிப்போர்ட்டுகளையும் தலைமாட்டில் வைத்துக்கொள்வது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. பருவமழைக் காலத்தில் அட்டைக்கடி, கோடையில் காட்டுத்தீ பயம். மார்கழி, தை பரவாயில்லை. இதெல்லாம் யோசிக்க வேண்டியவைதான்.

ஆனால் இத்தனையும் யோசித்து முடித்த பிறகு அம்மா போனில் கேட்டாள்: "எல்லாம் சரிட்டி. அங்க வந்து நான் என்ன செய்ய?"

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. சும்மா உக்காந்து காட்டைப் பாரு."

"சும்மா உக்காரதுக்கு இங்க அண்ணன் வீட்டுலயே நல்ல நாற்காலி கிடக்கே."

அவளுக்கு என்ன வேண்டும் என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறோம். அவள் அங்கே என்ன செய்வாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் அக்கறை முழுவதும் வயதானவர்கள் கையில் இருக்கிற வேலையைப் பிடுங்கி வைப்பதில்தான் போகிறது. வீட்டில் அரிவாள்மனையை வாங்கி வைத்துவிட்டோம். கடைக்குப் போகாதே என்றோம். இப்போது காட்டுக்கும் அவளைப் பெட்டி படுக்கையோடு பெட்டி படுக்கையாக ஏற்றி இறக்கத் திட்டம் போடுகிறோம். இதற்குப் பெயர் ஓய்வு.

அவளுக்குக் காடு ஒன்றும் புதிது இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் காட்டில் தங்குவது என்றால் ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போவதுதான். பாபநாசத்துக்கு மேலே, ஆற்றை ஒட்டி, இன்றைக்குக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் என்கிற அடர்ந்த காட்டுக்குள் இருக்கிற கோயில். 1988இல் அது புலிகள் காப்பகமாவதற்கு வெகு காலம் முன்பிருந்தே, அரிசி மூட்டையும் பாத்திரமும் கிடாயும் கோழியுமாகக் குடும்பம் குடும்பமாகப் போய், மரத்தடியில் குடில் போட்டு நாட்கணக்கில் தங்கினார்கள். பட்டவராயன் சந்நிதியில் நேர்ச்சையாகச் செருப்பு கட்டித் தொங்கவிடுவார்கள். திருவிழாவுக்குச் சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் வந்து உட்காருவார். 2020இல் அவர் காலமான செய்தி வந்தபோது, அம்மா அந்தத் தலைப்பாகையைப் பற்றி வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பயணங்களுக்கு யாரும் திட்டம் போட்டதாக அவளுக்கு நினைவில்லை. ஆனால் ஆளுக்கு ஒரு வேலை இருந்தது. குடில் போடுவது மாமன்மார். சுள்ளி பொறுக்குவது பிள்ளைகள். ஈர விறகில் அடுப்பைப் பற்றவைக்கிற கைப்பக்குவம் கிழவிகளிடம்தான் இருந்தது. எந்தப் பாறை வழுக்கும், எந்தத் துறையில் பிள்ளைகளை இறங்க விடலாம் என்பது தாத்தாக்களுக்குத் தெரியும். கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு சத்தம் போடுவதே அவர்கள் உத்தியோகம். பயணத்தில் கிழவர்களின் வேகத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. அவர்கள் இல்லாமல் காரியம் நடக்காது, அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தக் குடில்களில் பெண்களின் விடுமுறை என்பது வீட்டு அடுப்பை விட்டு மூன்று கல் அடுப்புக்கு மாறியதுதான். ஆண்கள் ஆற்றிலிருந்து ஏறி வரும்போது சோறு தயாராக இருக்க வேண்டும். காட்டுக்கும் அது நல்லதாக இல்லை. பக்தர் கூட்டம் பெருகப் பெருக பிளாஸ்டிக்கும் குப்பையும் சேர்ந்தன. பாபநாசத்தில் தாமிரபரணியில் பரிகாரம் என்று விட்டுப்போகிற துணிகளைத் தன்னார்வலர்கள் மூட்டை மூட்டையாக எடுத்துப் போடுகிறார்கள். வனத்துறை கட்டுப்பாடுகளை இறுக்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் காலம் திரும்ப வர வேண்டாம். அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒப்புக்குச் சப்பாணியாக இல்லாமல் நிஜமான வேலை இருந்தது.

டாப்ஸ்லிப்பில் விறகு பொறுக்க முடியாது, பொறுக்கவும் கூடாது. என்ன வேலைதான் கொடுப்பது? யோசித்தால் இருக்கிறது. அம்மா நாலு மணிக்கு எழுந்துவிடுவாள், அதற்கு மேல் தூக்கம் வராது. வீட்டில் அது ஒரு வியாதி, டாக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறோம். காட்டிலோ அதுதான் சரியான நேரம். எல்லோரும் போர்த்திக்கொண்டு கிடக்கிற அந்த விடியலில்தான் சீகாரப் பூங்குருவி விசிலடிக்கும், கருமந்தியின் உறுமல் பள்ளத்திலிருந்து வரும். அவளுக்குக் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் பார்வை மங்கல்தான், காது மட்டும் பாம்புக் காது. இருவாச்சி பறந்தால் கண்ணில் படுவதற்கு முன்பே சிறகுச் சத்தம் கேட்டுவிடும். விடியற்காலைப் பொறுப்பு அவளுடையது. பேத்தியை எழுப்பி வராந்தாவில் உட்கார வைப்பது உட்பட. அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது. நடையிலும் இருவரும் ஒரே ஜோடி: பத்தடிக்கு ஒருமுறை நிற்பார்கள், ஒருத்தி மூட்டுவலிக்காக, இன்னொருத்தி எறும்புக்காக. வேகமாக நடக்கிற நாங்கள்தான் காட்டில் எதையும் பார்க்காமல் திரும்புகிற கூட்டம்.

கோழிகமுத்தி யானை முகாமும் திட்டத்தில் இருக்கிறது. மலசர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாகன்களாக இருக்கிற இடம். அங்கிருந்த கலீம் என்கிற கும்கி, ஊருக்குள் வந்த எத்தனையோ காட்டு யானைகளைத் திருப்பி அனுப்பியது. 99 நடவடிக்கைகளில் பங்கெடுத்து, 2023 மார்ச்சில் 60 வயதில் ஓய்வு பெற்றபோது வனத்துறையினர் அணிவகுத்து நின்று மரியாதை செய்தார்கள். இதைப் படித்துக் காட்டினேன். அம்மாவின் முதல் கேள்வி: "இப்ப பகல் பூரா அது என்ன செய்யுது?" போய்ப் பாகனிடமே கேட்டுவிடு என்றேன். அதுவும் அவள் வேலைகளில் சேர்ந்துவிட்டது.

காலேஜ்காரனிடம் வண்டியும் சோதனைச்சாவடிக் காகிதங்களும். அத்தானுக்கு மருந்து நேரம், தனக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும். சின்னவளுக்குக் குப்பைப் பை: கொண்டுபோகிற ஒவ்வொரு பிஸ்கட் உறையும் திரும்பி வர வேண்டும், எண்ணிக்கை அவள் நோட்டில். இப்படிப் பிரித்துக்கொண்டே வந்து மைனியிடம் கேட்டேன், உங்களுக்கு என்ன வேலை வேண்டும் என்று.

"எனக்கு ஒரு வேலையும் வேண்டாம்" என்றாள் மைனி. "வருஷம் முழுக்கச் செய்யுதேன்லா. அங்க வந்து நான் சும்மா உக்காந்து காட்டைப் பாக்கப் போறேன்."

அம்மாவுக்குத் தண்டனையாகத் தெரிந்த அதே நாற்காலி. என் கணக்கில் இது இல்லை. வேலை பறிக்கப்பட்டவர்களுக்கு வேலையும், வேலையே ஓயாதவர்களுக்கு நாற்காலியும் என்று மறுபடி பட்டியலைத் திருத்திக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன். அதன்படி, ஒன்பது பேருக்கான காலைக் காப்பி இப்போது அண்ணன் பெயரில் இருக்கிறது. அவன் இன்னும் குழுவைத் திறந்து பார்க்கவில்லை.