பூட்டிய அலமாரி

பழைய நாட்குறிப்புகளின் முதல் பதிப்புகளைத் தேடித் தேடி வாங்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையின் டைரி, 1904-ல் சென்னை அரசு அச்சகம் ஆங்கிலத்தில் வெளியிட்ட முதல் தொகுதி, அவருடைய கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

"படிச்சீங்களா?"

"தொட்டா தாள் உடைஞ்சிடும் சார்!"

புதுச்சேரியில் கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்தவர் பிள்ளை. 1736-லிருந்து 25 வருஷம், தான் கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதினார். 1761-ல் இறந்தார். 1846-ல்தான் வெளியார் கண்ணில் அது பட்டது. ஆங்கிலத்தில் 12 தொகுதிகள் 1928-க்குள் முடிந்துவிட்டன. தமிழிலேயே தொகுதிகளாக வரத் தொடங்க 1948 ஆனது. நண்பர் பொத்திவைத்திருக்கும் முதல் பதிப்பு, பிள்ளையின் தமிழ் இல்லாத பதிப்பு!

அதற்காக அவரைக் கேலி செய்ய மாட்டேன். இடையில் 85 வருஷம் யாரோ பத்திரப்படுத்தியதால்தானே நமக்குக் கிடைத்தது? காப்பாற்றுவது பாதிக் கடமை. மீதிப் பாதி?

பழவேற்காடு ஏரிக்கரையில், காட்டூர்ப் பக்கம், கரையேற்றிப் போட்டிருந்த மரப்படகைக் காட்டி ஒரு பெரியவர் சொன்னார்: "தண்ணி காணாத படகு தானா வெடிச்சுப் போயிடும் தம்பி."

நண்பரை விடுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் டைரி இருக்கிறதா? பத்திரமாகத்தான் இருக்கும். கடைசியாக எப்போது திறந்து படித்தீர்கள்?