செம்பில் அப்படியே இருந்த தண்ணீர்

எங்கள் ஊர்ப் பெருமாள் நிற்கிறார். கொஞ்ச தூரத்தில், நத்தம் என்று நாங்கள் சொல்லும் வரகுணமங்கையில் உட்கார்ந்திருக்கிறார். அதையும் தாண்டித் திருப்புளியங்குடியில் படுத்திருக்கிறார். நவதிருப்பதி சேவிக்க வரும் வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து ஒரே காலையில் மூன்றையும் பார்த்துவிட்டுத் தென்திருப்பேரைக்குப் போய்விடுகிறார்கள். நம்மாழ்வார் இன்னும் வேகம். மூன்று கோலத்தையும் ஒரே பாசுரத்தில் முடித்துவிட்டார். முதலில் படுத்தவர், அடுத்து உட்கார்ந்தவர், கடைசியில் நிற்பவர்.

சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பாசுரம்தான். அந்த வரிசை எவ்வளவு நீளம் என்பது, 67ஆம் வயதில் இடது முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டு ஸ்ரீவைகுண்டத்தில் என் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எட்டடி. அந்த எட்டடிக்கு முதல் வாரம் நான் கொடுத்த விலையில் காசிக்கே போய் வந்திருக்கலாம்.

மூட்டையே கழற்றி எறிந்துவிட்டு இரும்பு வைப்பார்கள் என்றுதான் தெருவில் பேச்சு. அப்படி இல்லை. தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சில மில்லிமீட்டர் சீவிவிட்டு, தொடை எலும்பின் நுனிக்குக் கோபால்ட்-குரோமியக் கலவையில் ஒரு தொப்பி போடுகிறார்கள். கீழ்க்கால் எலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டு. நடுவே, தேய்ந்த குருத்தெலும்புக்குப் பதிலாக பாலிஎத்திலீன் துண்டு ஒன்று. பல்லுக்கு கேப் போடுகிற வேலையின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

2000ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் வாஜ்பாய்க்கு மும்பையில் ஒரு முழங்காலையும், மறு ஆண்டு இன்னொன்றையும் மாற்றினார்கள். அப்போதுதான் இப்படி ஒரு வைத்தியம் இருப்பதே எங்கள் தெருவுக்குத் தெரியும். பிரதமர்களுக்கு உள்ளது என்று நினைத்துக்கொண்டோம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு இந்தச் செயற்கை மூட்டுகளின் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட்-குரோமிய மூட்டு 54,720 ரூபாய்க்கு இறங்கியது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சருக்குக் கட்டுபடியாகிற கணக்குதான். அதற்குப் பிறகும் ஆறு வருஷம் தள்ளிப்போட்டேன்.

பணம் காரணம் இல்லை. மகள் பெங்களூரிலிருந்து லீவு போட்டு வரவேண்டும். வீட்டுக்காரருக்கு அடுப்படியில் உப்பு எந்த டப்பா, சீனி எந்த டப்பா என்று தெரியாது. யாரைப் போய்த் தொந்தரவு பண்ணுவது? எங்கள் பக்கத்தில் அறுபது தாண்டிய எந்தப் பெண்பிள்ளையிடம் என்ன வேண்டும் என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "யாருக்கும் சிரமம் குடுக்காம போய்ச் சேந்துரணும்." நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பெருமாளிடமும் அதைத்தான் கேட்டேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது என்று பிறகு படித்தோம். அன்று ராத்திரி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், வாசல் நடையைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வருகிறது, மாடிக்குப் போகவேண்டும், மாடிக்குப் பத்தொன்பது படி என்பதுதான். மூன்றாவது படியில் என் கால் நின்றுவிட்டது. எதிர்வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்துத் தூக்கினார்கள். திருப்பத்தில் சின்னவனுக்கு வழுக்கி, படி விளிம்பில் முன்னங்கால் தோல் உரிந்தது. நாற்காலியை மட்டும் விடவில்லை. ஆறு வருஷமாக யாருக்கும் சிரமம் கொடுக்காமல் காத்துவந்தவள், ஊரே மூழ்கிக்கொண்டிருந்த ராத்திரியில், தன் வீட்டுச் சாமானைக்கூட மேலே ஏற்றாத இரண்டு பையன்கள் தலையில் போய் உட்கார்ந்தேன். அவன் காலில் கசிந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே முடிவு பண்ணினேன்.

அதே ராத்திரி ஆற்றுக்குத் தெற்கே, எங்கள் ஊர் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது. சுமார் 800 பயணிகள். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தை நாடே பார்த்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்து அந்த ஜனங்களுக்குச் சோறு போட்டார்கள். அங்கே எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் அந்தக் கதையைச் சொல்லும்போது பார்க்கவேண்டும். சலிப்பே இருக்காது. விறகை எப்படி நனையாமல் காத்தோம், எத்தனை அண்டா வைத்தோம் என்று, மகள் கல்யாணத்தைச் சொல்வதுபோலச் சொல்வாள். அந்த மூன்று நாளும் அவளுக்குச் சிரமம்தானே? அந்தக் கேள்வியை அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மாசி மாதம் திருநெல்வேலியில் ஆபரேஷன். மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கவைத்துவிட்டார்கள். நாலைந்து நாளில் வீடு. கட்டில் நடுவீட்டுக்கு வந்தது. காலில் தட்டும் மிதியடி, பாய் எல்லாம் பரணுக்குப் போயின. கழிப்பறையில் உயரமான நாற்காலி. ஒத்தடத்துக்கு உறைய வைத்த பால் பாக்கெட். துண்டில் சுற்றிக் கால்மணி நேரம் மூட்டின்மேல் வைக்கவேண்டும். ஒரு நாள் வீட்டுக்காரர் அதை மறந்துபோய்க் காப்பிக்கு உடைத்துவிட்டார்.

எனக்குப் பிடிபடாத ஒரு விதி இருந்தது. வலிக்கிற முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. வைத்தால் சுகமாக இருக்கும், ஆனால் கால் அந்த மடிப்பிலேயே இறுகிப்போகும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில்தான் வைக்கவேண்டும். மூட்டு அந்தரத்தில் நின்று, தன் கனத்திலேயே நிமிரவேண்டும். சுகமாக வைத்துக்கொள்வது ஒன்று, குணமாவது வேறொன்று.

வாரத்துக்கு ஒருநாள் மக்களைத் தேடி மருத்துவத்திலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டியில் வருவாள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கே வருகிறது. அவள் பையிலிருந்து இரண்டு கை வைத்த ஒரு பிளாஸ்டிக் கோணமானியை எடுத்து என் முழங்காலில் வைத்து அளப்பாள். 31 வருஷம் கோணமானியைப் பிடிக்கத் தெரியாத பிள்ளைகளைக் குட்டியவள் நான். இப்போது என் காலே கணக்கு. முதல் தடவை 62 டிகிரி. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழவே 90க்கு மேல் வேண்டும். சம்மணம் போடுவதெல்லாம் வேறு ஊர்.

இரண்டாவது தடவை வந்தபோது கேட்டாள். "டீச்சர், ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிய?"

"எந்திரிக்கதே இல்லம்மா."

"அது எப்பிடி?"

"ஆறு மணிக்கு மேல தண்ணி குடிக்கது இல்ல. பாத்ரூமுக்குப் போணும்னா அவுகள எழுப்பணும். எதுக்கு அவுகளுக்குச் சிரமம்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "ரத்தம் கட்டிறக் கூடாதுன்னு மாத்திர போடுதிய. தண்ணியையும் கொறைக்கிய. கணக்கு டீச்சர்தான, இது என்ன கணக்கு?"

பதில் சொல்லவில்லை. எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

அம்மாவின் காலத்தில் அடுப்படியே தரையில்தான். அருவாமணை, அம்மி, ஆட்டுரல், விறகடுப்பு எல்லாவற்றுக்கும் குத்தவைக்கவேண்டும், உட்காரவேண்டும், எழவேண்டும். கடைசி ஏழெட்டு வருஷம் அவளால் நிற்க முடியவில்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றி உட்கார்ந்தபடியே நகண்டு நகண்டு போவாள். "எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்" என்பாள். 1998இல் போய்ச் சேர்ந்தாள். எழவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "ஒருத்தருக்கும் ஒரு சிரமம் குடுக்கல, மகராசி." எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

பல வருஷம் கழித்து, ஏதோ பேச்சுக்கு நடுவில் என் அண்ணன் மனைவி சொன்னாள். "தெனமும் ராத்திரி அத்த தலமாட்டுல ஒரு செம்பு தண்ணி வெப்பேன் மைனி. காலைல பாத்தா அப்படியே இருக்கும். ஏன்னு ஒருநாளாவது நான் கேட்டுருக்கணும். கேக்கல." அதைச் சொல்லும்போது அவளுக்கும் அறுபது வயது. அந்தச் செம்பை இன்னும் இறக்கிவைக்கவில்லை அவள்.

அம்மா யாருக்கும் சிரமம் கொடுக்கவில்லை என்று நாங்கள் சொன்னது பொய். ராத்திரி ஒரு தடவை எழுந்து கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போகிற சிரமத்தை மிச்சப்படுத்தி, அதற்குப் பதிலாக இருபது வருஷம் இறக்கமுடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். தெரிந்து செய்யவில்லை. அவளுக்கு அது அடக்கம், பெருந்தன்மை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த அடக்கத்துக்குள் கொஞ்சம் கர்வமும் ஒளிந்திருக்கிறது. எல்லாருக்கும் கொடுக்கிற இடத்தில் நான் இருப்பேன், யாரிடமும் வாங்குகிற இடத்துக்கு வரமாட்டேன் என்பது பணிவாகுமா? புதுக்குடி அம்மாளின் அண்டாக் கதையில் இருந்த அந்தச் சந்தோஷத்தை, என்னைச் சுற்றியிருப்பவர்களில் யாருக்கும் நான் கொடுத்ததே இல்லை.

அன்று ராத்திரி படுக்குமுன் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தேன். இரண்டு மணிக்கு எழவேண்டி வந்தது. "ஏங்க" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. பதறி எழுந்தார். டார்ச்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வாக்கருக்கு முன்னால் பின்னுக்கே நடந்துவந்தார், குழந்தைக்கு நடை பழக்குகிறவர்போல. திரும்பி வந்தபின் இருவருக்கும் தூக்கம் போய்விட்டது. அடுப்படிக்குள் போய் டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்து, கடுங்காப்பி போட்டுக் கொண்டுவந்தார். சீனி இருந்தது, உப்பு இல்லை. "நாப்பது வருஷத்துல ராத்திரியில நீ என்ன எழுப்புனதே கெடையாதே" என்றார். குறை சொன்னாரா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டு, சிரமம் கொடுப்பது பெரிய புண்ணியம் என்று முடித்துவிடவும் மனம் வரவில்லை. சிரமம் சிரமம்தான். மகளின் பன்னிரண்டு நாள் லீவு திரும்ப வராது. பல வீடுகளில் "கவனித்துக்கொள்வது" என்றால் ஒரே ஒரு பெண்ணின் இடுப்பெலும்பு என்றுதான் அர்த்தம். கேட்காமலே எல்லாம் நடக்கவேண்டும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது வாய் திறக்காமல் போடுகிற அதட்டல்.

இதில் எனக்கு வழி காட்டியவள் பக்கத்து வீட்டு மைனி. மத்தியானம் வந்து என் காலை நீட்டி மடக்க உதவுவாள். ஒருநாள் கூப்பிட்டபோது, "இன்னைக்கு முடியாது மைனி, ரேஷன் கடைக்குப் போணும்" என்றாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது மாதிரி இருந்தது. முடியாத நாளில் முடியாது என்று சொல்கிறாள் என்றால், மற்ற நாளெல்லாம் வந்தது மனதோடுதான். கேட்காமலே இருந்திருந்தால், அவளுக்கு "சரி" என்று சொல்லவும் இடமில்லை, "முடியாது" என்று சொல்லவும் இடமில்லை. வாய்விட்டுக் கேட்பது, கேட்டதை நாலு பேருக்குப் பிரித்துக் கேட்பது, முடியாது என்றால் முகம் சுளிக்காமல் இருப்பது: 31 வருஷம் பாடம் நடத்தியவள் படித்த புதுப் பாடம் இவ்வளவுதான்.

பதினான்காம் நாள் தையல் பிரித்தார்கள். நாலாவது வாரம் கோணமானி 90ஐத் தொட்டது. ஆறாவது வாரம் வாக்கர் போய்க் கைக்கம்பு. இடது மூட்டுக்கு வலது கையில் கம்பு. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கம்போடு முதலில் போனது கைலாசநாதர் கோயிலுக்கு. நவகைலாயத்தில் அது சனிக்குரியது. பெருமாள் கோயில் நவதிருப்பதியில் சூரியனுக்குரியது. அப்பனும் மகனும் ஒரே ஊரில். மகனுக்கு மந்தன் என்று பெயர், கால் விந்தி நடப்பவர், ஒரு சுற்று வர ஏறக்குறைய முப்பது வருஷம் எடுத்துக்கொள்பவர். அவர் எதிரில் மெதுவாக நடக்க எனக்கு வெட்கமாக இல்லை.

இப்போதும் சாயங்காலமானால் மூட்டு கதகதவென்று இருக்கிறது. தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்தே கிடக்கிறது. படியில் சில சமயம் 'டக்' என்கிறது. தரையில் உட்காருவதில்லை, கோயிலில் விழுந்து சேவிப்பதில்லை. நிற்கிற பெருமாளை நின்றுகொண்டே பார்க்கிறேன்.

போன வாரம் எதிர்வீட்டு ஆச்சி வந்தார்கள். என்னைத் தூக்கிய பையன்களின் பாட்டி, எழுபத்தைந்து இருக்கும். தெருவைக் கடக்க இரண்டு இடத்தில் நின்றார்கள். திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, சுவரில் சாத்தியிருந்த வாக்கரைப் பார்த்தார்கள்.

"அது சும்மாதான கெடக்கு?"

"சும்மாதான் ஆச்சி."

"பேரன்மாருட்ட இன்னும் சொல்லல. வேலைக்குப் போற பிள்ளைய. நீ சொல்லுதியா, டீச்சர் சொன்னா கேப்பானுவ."

"நான் சொல்ல மாட்டேன் ஆச்சி. நீங்களே கேளுங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். முந்தானையால் முழங்காலை மூடினார்கள், திறந்தார்கள். பிறகு தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். சின்னவன் வந்தான். முன்னங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

"ஏல, இதத் தூக்கிட்டு வா."

"யாருக்கு ஆச்சி?"

"எனக்குத்தாம்ல."