பரணில் இருப்பவன் பொறுப்பு

வேட்டையாடுவது ஆகுமானதா என்று கேட்டால், நம்மில் எவரும் தயங்காமல் விடை சொல்லிவிடுவோம். ஷரீஅத் அதை அனுமதித்திருக்கிறது. ஹம்ஸா (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவிய நாளன்று, வேட்டையிலிருந்து வில்லும் கையுமாகத்தான் மக்காவுக்குள் வந்தார்கள் என்பதை மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் ஆகுமானது என்று சொன்னவுடன் விஷயம் முடிந்துவிடுவதில்லை. ஆகுமான காரியத்தையும் எப்படிச் செய்வது, எப்பொழுது செய்யாமல் விடுவது என்பதில்தான் மனிதனுடைய தகுதி தெரிகிறது. மரத்தின்மேல் பரண் கட்டி, அதிலே மறைந்திருந்து, கீழே வரும் மானை அம்பெய்து கொல்லும் வேட்டையை இந்த நோக்கோடு சற்று ஆராய்வோம்.

பரண் நமக்குப் புதிதன்று. மலைச்சாரலில் தினைப்புனம் காத்தவர்கள் பரண்மேல் இருந்துதான் கிளியை விரட்டினார்கள். வட இந்தியக் காடுகளில் அதையே ‘மச்சான்’ என்று சொல்லிப் புலிவேட்டைக்குக் கட்டினார்கள். இன்று அமெரிக்காவில் மான்வேட்டைக்கு இது மிகப் பரவலான முறை. அங்கே விஸ்கான்சின் மாநிலம் 1934ஆம் ஆண்டிலேயே வில்வேட்டைக்கென்று தனிப் பருவம் ஒதுக்கியது. வேடன் விடியுமுன்னே மரமேறி, இடுப்பைக் கயிற்றால் மரத்தோடு பிணைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பான். மான் தலைக்குமேல் அதிகம் பார்ப்பதில்லை. மனித வாடையும் உயரத்தில் காற்றோடு போய்விடும். இருபது முப்பது கஜ தூரத்துக்குள் மான் வந்தால்தான் அம்புக்கு வேலை.

இப்படி ஒளிந்திருந்து கொல்வது கோழைத்தனமல்லவா, மானுக்குத் தப்பிக்க இடமே இல்லையே என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நல்ல உள்ளத்திலிருந்து வருகிறது. ஆயினும் குறி தவறிய கேள்வி. சமமான வாய்ப்பு என்பது பந்தயத்தில் இறங்கிய இருவருக்கிடையே பேசவேண்டிய நியாயம். மான் எந்தப் பந்தயத்துக்கும் சம்மதிக்கவில்லை. அதைத் துரத்தித் துரத்தி, ஓட ஓட எய்து, காலிலோ வயிற்றிலோ காயப்படுத்திவிட்டு, ‘அதற்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன்’ என்று பெருமை பேசுகிறவனைவிட, மறைந்திருந்து ஓரே அம்பில் முடிக்கிறவன் மேலானவன். மானுக்கு வேடன் கொடுக்கவேண்டிய கடன் வெற்றிபெறும் வாய்ப்பு அல்ல. வேதனை நீளாத மரணமே அது.

அந்தக் கடனைத் தீர்ப்பது எளிதன்று. துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்போ அறுத்துத்தான் கொல்லும். கூரிய அலகு நெஞ்சுக்கூட்டில் நுழைந்து, இரண்டு நுரையீரலையும் கிழித்தால், மான் சில விநாடிகளில் வீழ்ந்துவிடும். ஆனால் பரணிலிருந்து எய்யும் அம்பு சாய்வாக இறங்குகிறது. மான் மரத்தடிக்கு மிக நெருங்கி நின்றால், அம்பு ஒரு நுரையீரலை மட்டும் தொட்டுவிட்டு வெளியேறலாம். அப்பொழுது அது வெகுதூரம் ஓடி, மறைவிலே கிடந்து துடிக்கும். ஆகவே, மான் பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருக்கவேண்டும் என்பது அனுபவசாலிகளின் விதி. அறுக்கும் பிராணிக்கு ஆறுதல் அளியுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த கருத்து, வில்லேந்தியவனையும் கட்டுப்படுத்துகிறது. அலகு மழுங்கியிருந்தால் அது ஆயுதக் குறை மட்டுமன்று, அமானிதத்தில் குறை.

வேட்டையாடி வந்த அதிய்யிப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட சட்டங்களை நினைத்துப் பாருங்கள். எய்யும்போது அல்லாஹ்வின் பெயர் சொல்லவேண்டும். கூர்முனை துளைத்துக் கொன்றதைப் புசிக்கலாம். கட்டையின் பக்கம் அடித்துக் கொன்றதைப் புசிக்கலாகாது. அம்பு பட்ட பிராணி தண்ணீரில் செத்துக் கிடந்தால் விட்டுவிடவேண்டும். ஏனெனில் கொன்றது உன் அம்பா, தண்ணீரா என்பது உனக்குத் தெரியாது. உயிரோடு கைக்கு எட்டினால் முறைப்படி அறுத்தாகவேண்டும். இச்சட்டங்களில் ஒரு பொதுத் தத்துவம் ஓடுகிறது. அம்பு நாணைவிட்டுப் போனதோடு வேடனுடைய பொறுப்பும் போய்விடவில்லை. இரத்தத் தடத்தைப் பின்தொடர்ந்து, மானைக் கண்டெடுத்து, எதனால் செத்தது என்பதை உறுதி செய்யும்வரை அந்தப் பொறுப்பு அவனை விடுவதில்லை.

திருமறையின் ‘மாயிதா’ அத்தியாயத்தில் இன்னொரு படிப்பினை உண்டு. இஹ்ராம் உடுத்தவர்களுக்கு வேட்டை விலக்கப்பட்டது. அந்த நிலையில், கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டே அவர்கள் சோதிக்கப்படுவார்கள் என்று அங்கே உணர்த்தப்படுகிறது. எட்டாத பொருளைத் தொடாமல் விடுவதில் என்ன சிறப்பு? எட்டுகிறபோது விடுவதுதான் தக்வா. பரண் என்பது மானை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவரும் சாதனம். ஆகவே அது சோதனையின் ஸ்தானமும் ஆகிறது. துரத்தி ஓடுகிறவனுக்கு யோசிக்க அவகாசமில்லை. பரணில் இருப்பவனுக்கோ அவகாசம் நிறைய உண்டு. குட்டியோடு வந்த பெட்டையா, சட்டம் அனுமதித்த மானா, எய்யத்தக்க கோணமா என்று பார்க்க அவனுக்கு நேரமிருக்கிறது. அவசரத்தில் எய்துவிட்டேன் என்று சொல்ல அவனுக்கு வழியில்லை.

இப்பொழுது நம் நாட்டுக்கு வருவோம். அமெரிக்காவின் பல பகுதிகளில் ஓநாய்கள் ஒழிக்கப்பட்டதால் மான்கள் பெருகி, பயிரையும் இளங்காட்டையும் அழிக்கின்றன; அங்கே அளவோடு வேட்டையாடுவதற்குக் காரணமுண்டு. தீபகற்ப மலேசியாவின் நிலை நேர் எதிரானது. ருசா என்னும் கடமானும், கிஜாங் என்னும் கேளையாடும் குறைந்துபோனதால், 2009ஆம் ஆண்டு அவற்றின் வேட்டைக்கு உரிமம் வழங்குவது நிறுத்தப்பட்டு, பின்னர் அந்தத் தடை நீட்டிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமமில்லா வேட்டையைக் குற்றமாக்கியது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனையை மேலும் கடுமையாக்கியது. ருசா புலியின் இரை. முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின் முடிவு 2022இல் வெளிவந்தபோது, எஞ்சிய மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று தெரிந்தது. மனிதனுக்கு ருசா ஒரு வேளைச் சுவை. புலிக்கோ அது ஜீவனம். செயல் ஒன்றே, ஆனால் அங்கே நியாயமாவது இங்கே அநியாயமாகிறது.

‘நாங்கள் வில்லையும் தொட்டதில்லை, மரமும் ஏறியதில்லை, இது எங்களுக்கு எதற்கு?’ என்று சகோதரர்கள் கேட்கலாம். காஜாங் என்றால் சாத்தே. இங்கே கோழி, மாடு இவற்றோடு ருசா சாத்தேயும் விரும்பி உண்ணப்படுகிறது. பண்ணையிலிருந்து முறையாக வந்த இறைச்சியில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் உணவுக்கடை நடத்துகிறவர்களும் விருந்து வைக்கிறவர்களும் நம்மில் அநேகர். ‘காட்டு ருசா, மலிவாகக் கிடைக்கிறது’ என்று ஒருவர் இரகசியமாகச் சொல்லும்போது இரண்டு கேள்விகள் எழவேண்டும். முதலாவது, இது சட்டப்படி வந்ததா? இரண்டாவது, இது எப்படிச் செத்தது? திருட்டு வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் சுருக்குக் கண்ணிதான் வைக்கிறார்கள். கண்ணியில் கழுத்து நெரிந்து செத்த பிராணி ஹராம் என்பது திருமறையின் தெளிவான கட்டளை. அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுத்தவர் யார் என்று தெரியாத இறைச்சியை எந்தத் தைரியத்தில் விருந்தாளிக்குப் படைப்பது?

வாங்குகிறவன் இருப்பதால்தான் கண்ணி வைக்கிறவன் காட்டுக்குள் போகிறான். விலை பேசுகிற நேரத்தில் வாங்குகிறவனும் பரணில்தான் உட்கார்ந்திருக்கிறான். பொருள் கைக்கு எட்டுகிறது; பார்க்கிறவர் யாருமில்லை; யோசிக்க அவகாசமும் இருக்கிறது. விசாரித்து வாங்குவோம், சந்தேகமானதை விட்டுவிடுவோம். அந்த மனவலிமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.