நீக்கம் என்றொரு பதிவு

மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் கோப்புகளையும் அவற்றின் மாற்றங்களையும் சேர்த்து வைக்கும் ரெப்போவில் ஒரு கோப்பை நீக்கினால் ரெப்போவின் எடை குறைவதில்லை. கொஞ்சம் கூடவே செய்யும். நீக்கமும் அங்கே ஒரு கமிட்தானே, ஒரு மாற்றத்தின் பதிவுதானே! யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு நீக்கினார் என்ற விவரம் புதிதாக ஏறுகிறது. நீங்கிய கோப்போ முந்தைய கமிட்டுகளுக்குள் ஓர் எழுத்துக் குறையாமல் இருக்கிறது.

1990களில் பரவலாகப் புழங்கிய சிவிஎஸ் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள், இதைக் கண்ணுக்குத் தெரியும்படியே செய்தது. கோப்பை நீக்கிக் கமிட் செய்தால், அதன் வரலாறு முழுவதும் சர்வரில் 'ஆட்டிக்', அதாவது பரண், என்ற துணை டைரக்டரிக்குப் போய்விடும். பிள்ளை வளர்ந்ததும் தொட்டிலைப் பரணில் ஏற்றுகிற மாதிரி. எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. கோப்பின் கடைசிப் பதிப்பு 1.4 என்றால், நீக்கத்துக்கு 1.5 என்று எண் விழும். அதன் நிலை 'டெட்' என்று குறிக்கப்படும். பிறகு யாராவது அதே பெயரில் கோப்பைத் திரும்பச் சேர்த்தால் 1.6 என்று கணக்குத் தொடரும். சாவுக்கும் வரிசையில் ஓர் எண்!

பொறுமையில்லாத சிலர் சர்வருக்குள் புகுந்து அந்த வரலாற்றுக் கோப்பைக் கையாலேயே அழித்துவிடுவதும் உண்டு. அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பழைய வெளியீட்டில் ஏதோ பிழை என்று வாடிக்கையாளர் சொல்லி, அதை மறுபடி எடுத்துக் கம்பைல் செய்யும்போதுதான் முட்டிக்கொண்டு நிற்கும். இன்றைக்கு வேண்டாத கோப்பு, அன்றைய வெளியீட்டுக்கு வேண்டியிருந்தது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் தொடங்கிய கிட் என்ற அதே வகை மென்பொருள், கோப்புக்கும் வரலாற்றுக்கும் உள்ள இந்தப் பிணைப்பை இன்னும் இறுக்கியது. ஒவ்வொரு கமிட்டின் அடையாள எண்ணும், அதன் உள்ளடக்கத்தோடு முந்தைய கமிட்டின் எண்ணையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. நடுவில் எங்கோ ஒரு கோப்பைப் பிடுங்கினால், அதற்குப் பின் வந்த அத்தனை கமிட்டுகளின் எண்ணும் மாறிவிடும்.

நிஜமாகவே அழித்தாக வேண்டிய நேரமும் வரும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள கோப்பைக் கவனிக்காமல் ஏற்றிவிடுகிறார்கள். அடுத்த கமிட்டிலேயே பதறியடித்து நீக்குகிறார்கள். திருட வருகிறவனுக்கு எங்கே தேட வேண்டும் என்று அந்த நீக்கமே காட்டிக்கொடுக்கிறது. 'ஃபில்டர்-ரெப்போ' போன்ற கருவியைக் கொண்டு வரலாற்றைத் திருத்தி எழுதலாம். ஆனாலும் ஏற்கெனவே ரெப்போவைக் குளோன் செய்து, முழுப் பிரதி எடுத்துக்கொண்டு போனவர்களின் கணினியில் பழைய வரலாறு அப்படியேதான் இருக்கும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முதலில் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். நடந்ததை நடக்காததாக ஆக்க வழியில்லை. இனி அது செல்லாதபடி செய்யத்தான் முடியும்.

இவ்வளவு பத்திரத்துக்கு நடுவிலும் ஒன்று மட்டும் தொலைகிறது. நீக்கப்பட்ட கோப்புகளை மட்டும் காட்டு என்று கிட்டிடம் கேட்டால், ஆள், தேதி சகிதம் வரிசையாகச் சொல்லும். பக்கத்தில் காரணம் இருக்க வேண்டிய இடத்தில், பாதிக்குப் பாதி 'க்ளீனப்' என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். உதாரணத்துக்கு, வட்டி கணக்கிடும் ஒரு கோப்பை ஏன் எடுத்தார்கள்? கணக்குத் தப்பா, வேறிடத்தில் எழுதியாகிவிட்டதா, வாடிக்கையாளரே வேண்டாமென்றாரா? கோப்பைக் கடைசி வரிவரை திருப்பித் தருகிற ரெப்போவிடம் இதற்குப் பதில் கிடையாது. எடுத்தவரைக் கேட்கலாமென்றால், அவர் எப்போதோ வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.