நோவும் மருந்தும் நீதியும்

அண்மையில் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பிய நண்பரொருவரைக் காணச் சென்றிருந்தோம். வைத்தியசாலையில் அவருக்குக் கொடுத்தனுப்பியவை பரசிற்றமோலும் இபுபுறோபனுமே. "தலையிடிக்குப் போடுற பனடோல் வெட்டின நோவைக் கேக்குமே? காசு குடுத்துச் செய்திருந்தால் நல்ல மருந்து தந்திருப்பினம்" என்று அவர் மனைவி மனம் நொந்தார்.

வறியவனுக்கு எளிய மருந்து, செல்வனுக்கு வலிய மருந்து என்னும் இவ்வையம் காரணமின்றிப் பிறந்ததன்று. ஆயினும் இவ்விடத்தில் அது பொருந்துமா?

அபினிலிருந்து வந்த மோர்பினும் அதன் இனத்தவையும் மூளையிலும் முண்ணாணிலும் செயற்பட்டு, நோவை உணரும் முறையையே மாற்றுகின்றன. மூச்சைத் தளர்த்தவும், உண்டவரை அடிமையாக்கவும் அவை வல்லன. இபுபுறோபனோ, காயத்தில் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உருவாவதைத் தடுக்கின்றது. அது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். பரசிற்றமோல் அளவு மீறின் ஈரலைக் கெடுக்கும். தீங்கே செய்யாத மருந்து எங்குமில்லை.

2022 இல் 'லான்செற்' வைத்திய இதழ், ஆறாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்ட 47 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரையொன்றை வெளியிட்டது. வீடு திரும்பியபின் அபினின மருந்து உண்டவருக்கு, உண்ணாதவரைவிட நோவு குறையவில்லை. வாந்தி முதலிய தொல்லைகளே கூடின. ஆராயப்பட்டவை பெரும்பாலும் சிறிய, நடுத்தரச் சத்திரசிகிச்சைகள் என்பதை மறத்தலாகாது. எனினும் நண்பரின் நிலைக்கு அந்த மலிவான மருந்தே நல்ல மருந்து.

அங்ஙனமாயின், வலியதே நல்லது என்ற எண்ணத்தை வளர்த்தவர் யார்? 1980 இல் அமெரிக்க வைத்திய இதழொன்றில் ஐந்தே வாக்கியங்கொண்ட கடிதமொன்று வெளிவந்தது. (எம் மாணவர் எழுதும் விடுமுறைக் கடிதங்கூட அதனினும் நீளும்.) வைத்தியசாலையில் இம்மருந்து பெற்ற 11,882 பேருள் நால்வரே அடிமையாயினர் என்றது அது. வீட்டிலிருந்து மாதக்கணக்கில் உண்பவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் பலநூறு கட்டுரைகள் அதனையே சான்றாகக் கொண்டன. 1996 இல் ஒக்ஸிகொன்ரின் சந்தைக்கு வந்தது. அடிமையாக்கும் தன்மையைக் குறைத்துக் கூறி மக்களை ஏமாற்றிய குற்றத்தை அதன் விற்பனையாளரான பேர்டியூ குழுமத்தினர் 2007 இல் நீதிமன்றில் ஒப்புக்கொண்டனர். அதற்குள் எத்தனை வீடுகள் பாழாயின!

இதனால் அபினினத்தையே வெறுத்தொதுக்குவதும் அறமாகாது. உலகில் ஆண்டுதோறும் பகிரப்பட்ட ஏறத்தாழ 298 தொன் அபினின மருந்தில், மிக வறிய நாடுகளுக்குக் கிட்டியது 0.1 தொன்னே என்று 2017 இல் லான்செற் ஆணைக்குழு கணக்கிட்டது. நெஞ்சைப் பிளந்து தைக்கப்பட்டவனுக்கு இபுபுறோபன் மட்டும் போதாது. பல் பிடுங்கியவனுக்கு ஒரு தேசத்தில் அள்ளிக் கொடுத்த மருந்து, இன்னொரு தேசத்தில் அவனுக்கு ஒரு துளியும் இல்லை. நோவின் அளவுகொண்டா இது பங்கிடப்பட்டது? 'எல்லாம் வினைப்பயன், பொறுத்துக்கொள்' என்பாரும் எம்மிடையே உளர். அவ்வாறு சொல்பவர் காயத்தோடு கிடப்பதை நாம் கண்டதில்லை.

நண்பர் வீட்டு மருந்துறையைப் பார்த்தோம். காலை, மாலை என்பதன்றி வேறெதுவும் அதில் எழுதப்பட்டிருக்கவில்லை. இரண்டும் வெவ்வேறு வழியிற் செயற்படுவதால் சேர்ந்தே உதவும் என்றும், இபுபுறோபனை உணவுக்குப் பின் கொடுக்கவேண்டும் என்றும் அறிந்தவரை விளக்கினோம். அம்மையார் கவனமாகக் கேட்டார். பின்னர், "நோ கூடினால் ராவிலை ஆரிட்டைக் கேக்கிறது, மாஸ்டர்?" என்றார்.

எம்மிடம் விடை இருக்கவில்லை.